எலெக்ட்ரிக் கிட்டார் செய்வதில் எங்கே நேரம் போகிறது?

எலெக்ட்ரிக் கிட்டாரைப் பட்டறையில் எப்படிச் செய்கிறார்கள், நல்ல மரம், கைவேலை என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்களே அதில் எவ்வளவு உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். கிட்டார் செய்வதும் பழுதுபார்ப்பதும்தான் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பார்த்ததும் கண்ணில் படுகிற பாடி இருக்கிறதே, கொம்பு வைத்த அந்த மரத்துண்டு, இருப்பதிலேயே சுலபமான வேலை அதுதான். வாசிக்கக் கை போகுமா, சுருதி நிற்குமா என்பதெல்லாம் கை பிடிக்கிற கழுத்தான நெக்கிலும், அதன் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டிலும், நெக்கின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் நட் என்கிற சின்னத் துண்டிலும்தான் முடிவாகிறது. அங்கே எல்லாமே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக் கணக்கு.

மரத்திலிருந்தே தொடங்குவோம், எல்லாரும் அதில்தான் சண்டை போடுகிறார்கள். அக்கூஸ்டிக் கிட்டாரில் மேல்பலகை அதிர்ந்துதான் சத்தம் வெளியே வருகிறது, அங்கே மரம்தான் ராஜா. எலெக்ட்ரிக்கில் பிக்கப்புக்குள் இருக்கும் காந்தத்துக்கு மேலே எஃகுத் தந்தி அதிர, காந்தத்தைச் சுற்றியிருக்கும் செப்புச் சுருளில் மெல்லிய மின்சாரம் உண்டாகிறது, அது ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. பிக்கப் கேட்பது தந்தியைத்தான். 1932 வாக்கில் ஜார்ஜ் பீச்சம் வடிவமைத்து, பின்னால் ரிக்கன்பேக்கர் என்று பெயர் பெற்ற நிறுவனம் விற்ற, மடியில் வைத்து வாசிக்கிற அந்த முதல் எலெக்ட்ரிக் கிட்டாரில் பாடி மரமே கிடையாது, வார்ப்பு அலுமினியம்! அதனால் இன்ன மரம் போட்டால் இன்ன சத்தம் வரும் என்று ஒரு பட்டியலே வைத்துக்கொண்டு பேசுகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை, ஆனால் நம்புவதும் இல்லை. பாடி மரத்தை நான் பார்ப்பது எடைக்கு, உறுதிக்கு, காய்ந்திருக்கிறதா என்பதற்கு, அப்புறம் அழகுக்கு.

ஆல்டர், ஆஷ், மஹோகனி, பாஸ்வுட், பாப்லர் இவைதான் வழக்கமாகப் பாடிக்கு வருபவை. மேலே அழகுக்கு ஒரு மேப்பிள் பலகை ஒட்டுவதும் உண்டு, 1952இல் கிப்சன் நிறுவனம் கொண்டுவந்த லெஸ் பால் மாடல் அப்படி வந்ததுதான். ஆஷ் இப்போது கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது, வட அமெரிக்காவில் ஒரு வண்டு அந்த மரங்களைத் துளைத்துத் தீர்த்துக்கொண்டிருக்கிறது, 2020இல் ஃபெண்டர் கிட்டார் நிறுவனமே வழக்கமான உற்பத்தியில் ஆஷை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. எந்த மரமானாலும் ஈரப்பதம் 6 முதல் 8 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும். சூளையில் காயவைத்து வந்த மரமாக இருந்தாலும் பட்டறைக் காற்றுக்குப் பழகட்டும் என்று அடுக்கிவைத்துக் காத்திருப்போம். இந்தப் பொறுமை இல்லாமல் உடனே வெட்டினால் நாளை அது தன் இஷ்டத்துக்கு வளையும், அப்போது எந்தக் கைவேலையும் காப்பாற்றாது.

பாடி வேலையைச் சட்டென்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் இரண்டு பலகைகளை நடுவில் ஒட்டித்தான் அகலம் வரவைக்கிறோம். இழைத்த இரண்டு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகப் பார்ப்போம், ஒரு கீற்று ஒளிகூட வரக்கூடாது. பசை போட்டுக் கிளாம்ப் மாட்டி ஒரு நாள் விட்டுவிடுவோம். அப்புறம் பலகையை சுமார் 44 மி.மீ. கனத்துக்கு இழைத்து, நடுக்கோடு ஒன்று போடுவோம். இந்த நடுக்கோடுதான் கடைசிவரை கூட வரும், நெக், பிக்கப், தந்திகளின் கீழ்முனையைத் தாங்கும் பிரிட்ஜ் எல்லாம் அதை வைத்துத்தான் உட்கார வேண்டும், அதனால் பென்சில் கோடு அழியும்போதெல்லாம் திரும்பப் போட்டுக்கொண்டே இருப்போம். பேண்ட் ஸா ரம்பத்தில் வடிவத்தைக் கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே வெட்டி, டெம்ப்ளேட் என்கிற மாதிரி அச்சை மேலே ஒட்டி, சுழலும் வெட்டுக்கத்தி உள்ள ரவுட்டரை ஓட்டி விளிம்பை அளவுக்குக் கொண்டுவருவோம். பிக்கப் குழி, வயர் குழி, நெக் உட்காரும் பாக்கெட் எல்லாம் அதே ரவுட்டர்தான். ஒரு தடவைக்குச் சில மில்லிமீட்டர்தான் இறக்க வேண்டும். கொம்பு வளைகிற இடத்தில் நார் ஓட்டத்துக்கு எதிராக ரவுட்டர் போகும், அங்கே அவசரப்பட்டால் ஒரு பெரிய சிம்பாகப் பிய்த்துக்கொண்டு போய்விடும், கையையும் இழுக்கும். கண்ணாடி, காது மூடி, முகமூடி மூன்றும் இல்லாமல் அந்த மெஷினைத் தொடாதீர்கள். ரோஸ்வுட், எபோனி தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சுத் தொந்தரவும் கொடுக்கும், அது விளையாட்டு இல்லை.

சரி, நெக்குக்கு வருவோம்.

10 முதல் 46 வரையுள்ள (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தந்தியின் கனம்) ஒரு செட் தந்தியை மாட்டிச் சுருதி கூட்டினால் ஆறு தந்தியும் சேர்ந்து 45 கிலோவுக்கும் கொஞ்சம் மேலேயே இழுக்கும். அந்த இழுவையை இரவும் பகலும் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டியது, முதல் ஃப்ரெட் பக்கத்தில் சுமார் 21 மி.மீ. கனமே உள்ள ஒரு மரக்குச்சி. அதனால் பாடிக்குக் கண்ணை மூடிக்கொண்டு மரம் எடுத்தாலும் எடுப்பேன், நெக்குக்கு நார் நேராக, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடுகிறதா என்று பார்க்காமல் எடுக்கமாட்டேன். பெரும்பாலும் மேப்பிள் அல்லது மஹோகனி. மரம் மட்டும் போதாது என்பதால் உள்ளே ட்ரஸ் ராட் என்று ஒரு எஃகுக் கம்பி போகிறது, முனையில் இருக்கும் மரையைத் திருகினால் நெக் தந்தியின் இழுப்புக்கு எதிர்ப்பக்கம் வளையும். கிப்சனில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹ்யூ என்பவர் 1920களின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை வாங்கினார், இன்றைக்கும் அடிப்படை அதேதான். சில ஃபெண்டர் நெக்குகளின் முதுகில் கறுப்பாக ஒரு பட்டை ஓடுமே, அது அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஃப்ரெட் பதிக்கும் தனிப் பலகை, அதாவது ஃப்ரெட்போர்டு, ஒட்டாத ஒரே துண்டு மேப்பிள் நெக்கில் கம்பியை முன்பக்கமாக வைக்க முடியாது, அதனால் பின்னால் குடைந்து வைத்து வால்நட் பட்டையால் மூடினார்கள்.

ஃப்ரெட்போர்டுக்கு ரோஸ்வுட், எபோனி, மேப்பிள். 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் மொத்தமும், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஏறியதும், ரோஸ்வுட் உள்ள கிட்டாரை விற்பனைக்காக எல்லை தாண்டி அனுப்பக் காகிதம் தேவைப்பட்டது, நிறையப் பேர் பாவ் ஃபெரோ மாதிரி மரங்களுக்கு மாறினார்கள். 2019 கடைசியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். பிரேசில் ரோஸ்வுட் மட்டும் 1992லிருந்தே முதல் பட்டியலில், அதைத் தொடவே வேண்டாம்.

ஃப்ரெட் எங்கே வரவேண்டும் என்பது சுத்தமான கணக்கு. நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையுள்ள தந்தி நீளத்தை ஸ்கேல் என்கிறோம். ஃபெண்டர் வகை 25.5 அங்குலம், அதாவது 648 மி.மீ., கிப்சன் பெயரளவில் 24.75. அந்த நீளத்தை 17.817ஆல் வகுத்தால் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட்டுக்கான தூரம் வரும், 648க்கு அது 36.37 மி.மீ. மிச்ச நீளத்தைத் திரும்ப அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது 34.33. இப்படியே போனால் 12ஆவது ஃப்ரெட் சரியாகப் பாதியில், 324இல் வந்து நிற்கும், வரவில்லை என்றால் எங்கேயோ அளவு பிசகியிருக்கிறது. ஒவ்வொரு ஃப்ரெட்டையும் முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளந்து குறிக்காதீர்கள், பிழை சேர்ந்துகொண்டே போகும். எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும்.

காடிகளை மெல்லிய ரம்பத்தால் அறுக்கிறோம், சுமார் 0.6 மி.மீ. அகலம். ஃப்ரெட்டின் அடியில் காடிக்குள் இறங்கும் பகுதியில் சின்னச் சின்ன முள் இருக்கும், காடி அகலமானால் பிடிக்காது, குறுகலானால் பதிக்கப் பதிக்க நெக் பின்பக்கமாக வளைந்துவிடும். ஃப்ரெட்போர்டின் மேல்பக்கம் தட்டை இல்லை, லேசான வளைவு உண்டு. பழைய ஃபெண்டரில் 7.25 அங்குல ஆரம், கிப்சனில் 12. ஆரம் கூடினால் தட்டையாக இருக்கும், தந்தியை இழுத்து வளைத்து வாசிக்கிறவர்களுக்கு வசதி. அந்த வளைவு செதுக்கிய கட்டையில் உப்புத்தாள் ஒட்டி நீளவாக்கில் தேய்த்துத்தான் இதைக் கொண்டுவருகிறோம், அலுப்பான வேலை, ஆனால் இங்கே ஒரு பள்ளம் விட்டால் அது ஃப்ரெட்டில் தெரியும்.

நெக்கின் முதுகைச் செதுக்குவதுதான் எனக்குப் பிடித்த கட்டம். முதல் ஃப்ரெட் பக்கத்தில் ஒன்று, 12ஆவது பக்கத்தில் ஒன்று என்று இரண்டு இடத்தில் மட்டும் மர அரத்தால் சரியான வளைவைக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் இரண்டையும் நேராக இணைத்துச் சீவுவோம். 12ஆவதில் கனம் சுமார் 23 மி.மீ. வரும். அளவுகோல் ஒரு கட்டம்வரைதான் உதவும், அதற்கு மேல் கண்ணை மூடிக் கையை மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்பதுதான் வழி, கண்ணுக்குத் தெரியாத மேட்டைக் கட்டைவிரல் கண்டுபிடித்துவிடும்.

நெக்கைப் பாடியோடு சேர்ப்பதில் மூன்று வழி உண்டு. நாலு திருகாணி போட்டு முடுக்குவது, பசை போட்டு ஒட்டுவது, நெக் மரத்தையே பாடியின் கடைசிவரை ஓடவிட்டு இரண்டு பக்கமும் இறக்கை ஒட்டுவது. ஒட்டினால்தான் தந்தி நீண்ட நேரம் முழங்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, பொருத்தம் சரியாக இருக்கிற திருகாணி நெக்கில் எனக்கு அந்த வித்தியாசம் கேட்டதில்லை. லியோ ஃபெண்டர் 1950இல் திருகாணி முறையில் கிட்டார் விற்கத் தொடங்கியதன் பின்னணியே நெக் கெட்டால் கழற்றி வேறொன்றை மாட்டலாம் என்பதுதான். அவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர், கிட்டார் வாசிக்கத் தெரியாது, அதனாலேயே பழுதுபார்ப்பவன் கண்ணோடு யோசித்தார் என்று எனக்குத் தோன்றும். மாட்டியதும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரும் இடம்வரை ஓரத் தந்திகள் இரண்டுக்கும் பதிலாக நூல் கட்டி இழுத்துப் பார்ப்போம், நூல் ஃப்ரெட்போர்டின் இரண்டு ஓரத்திலிருந்தும் சம தூரத்தில் ஓடினால்தான் பிரிட்ஜுக்குத் துளை போடுவோம்.

பெயின்ட் பற்றி நான் அதிகம் பேசமாட்டேன், அது தனித் தொழில். மரத்தின் துளைகளை அடைத்து, சீலர் அடித்து, நிறம், அதற்கு மேல் பளபளப்பு. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் மெல்லிசாகப் பல பூச்சாக அடிப்பது, ஒவ்வொரு பூச்சும் முந்தையதைக் கொஞ்சம் கரைத்து ஒன்றாகிவிடும், பின்னால் கீறல் விழுந்தாலும் ஒட்டுப்போடுவது சுலபம். ஆனால் வாரக்கணக்கில் காயவிட வேண்டும், பயங்கரமாகத் தீப்பற்றும், காலப்போக்கில் மஞ்சளாகும், குளிரில் வெடிக்கும். பாலியெஸ்டர், பாலியூரித்தேன் கடினமானவை, சீக்கிரம் இறுகும், தொழிற்சாலைக்கு ஏற்றவை. நைட்ரோ அடித்தால் மரம் மூச்சுவிடும் என்று விற்பனைக்காரர்கள் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

பிக்கப்பைச் சொந்தமாகச் சுற்றுகிற பட்டறைகளும் உண்டு, வாங்கி மாட்டுகிறவைதான் அதிகம், அதில் குறை ஒன்றும் இல்லை. ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை பிக்கப்பில் அல்நிக்கோ என்ற உலோகக் கலவையாலான ஆறு காந்தத் தண்டுகளைச் சுற்றி 0.063 மி.மீ. செப்புக் கம்பி எட்டாயிரம் சுற்று அளவுக்குப் போகும். சுற்று கூடினால் சத்தம் கூடும், ஆனால் உச்சத்தில் உள்ள கூர்மை மழுங்கும். சுற்றி முடித்ததும் உருக்கிய மெழுகில் முக்கி எடுப்போம், இல்லாவிட்டால் ஆம்ப் சத்தத்தில் கம்பிச் சுற்றே அதிர்ந்து கீச்சிடும். ஒற்றைச் சுருள் பிக்கப் வீட்டு மின்கம்பிகளின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். கிப்சனின் செத் லவர் 1955இல் இதற்கு ஒரு வழி செய்தார்: இரண்டு சுருள், ஒன்றின் சுற்றும் காந்த முனையும் மற்றதற்கு நேர் எதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், தந்தியின் ஒலி மட்டும் கூடும். அதுதான் ஹம்பக்கர்.

வயரிங்கில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம் வால்யூம் குமிழ், ஹம்பக்கருக்கு 500, டோனுக்கு ஒரு கெப்பாசிட்டர். குழிக்குள் செப்புத் தகடு ஒட்டி, பிரிட்ஜிலிருந்து ஒரு எர்த் வயரை மறக்காமல் இழுத்துவிட்டால் பாதி இரைச்சல் புகார் வரவே வராது.

இனிதான் நான் ஆரம்பத்தில் சொன்ன விஷயம். ஃப்ரெட் எல்லாவற்றையும் பதித்த பிறகு எவ்வளவு கவனமாகப் பதித்திருந்தாலும் ஒன்றிரண்டு தலை தூக்கியிருக்கும். ட்ரஸ் ராட்டைத் திருகி நெக்கை நேராக்கி, எல்லா ஃப்ரெட் தலையிலும் மார்க்கர் மை பூசி, நேரான கட்டையில் நுண்ணிய உப்புத்தாள் ஒட்டி மேலே ஓட்டுவோம். எங்கே மை போகவில்லையோ அது தாழ்ந்த ஃப்ரெட். கடைசி ஃப்ரெட்டிலும் மை உரசிப் போனதும் நிறுத்திவிட வேண்டும், ஒரு தேய்ப்பு அதிகமானாலும் உலோகம் வீண். இப்போது எல்லாத் தலையும் ஒரே உயரத்தில், ஆனால் தட்டையாக இருக்கும். தட்டையான தலையில் தந்தி எந்த இடத்தில் தொடுகிறது என்பது தெளிவாக இருக்காது, சுருதி நழுவும், ஆகவே ஒவ்வொன்றையும் அதற்கான குழிவு அரத்தால் மறுபடி உருண்டையாக்கி, நடுவில் முடி அளவு மைக்கோடு மட்டும் மிஞ்சும்படி செய்து, அப்புறம் மெருகேற்றுவோம். ஓரங்களையும் ஒவ்வொன்றாக உருட்ட வேண்டும். மரம் வறண்ட காலத்தில் அகலவாக்கில் சுருங்கும், உலோகம் சுருங்காது, உருட்டாத முனைகள் அப்போது கையைக் கீறும். விலை குறைந்த கிட்டாரில் முதலில் மிச்சம் பிடிப்பது இந்த வேலையில்தான். கடையில் எடுத்துப் பார்க்கும்போது நெக்கின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், செய்தவர் எவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

நட் பெரும்பாலும் எலும்பு. ஆறு காடியும் ஒவ்வொரு தந்தியின் கனத்துக்கு ஏற்ற அரத்தால், தந்தியை முறுக்கும் டியூனர் பக்கம் சரிவாக அராவ வேண்டும். மூன்றாவது ஃப்ரெட்டில் தந்தியை அழுத்தினால் முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும். அதிகமாக இருந்தால் முதல் சில ஃப்ரெட்டில் சுருதி ஏறும், புதிதாகக் கற்கிறவர் விரல் வலியில் கிட்டாரையே விட்டுவிடுவார், இல்லவே இல்லை என்றால் வெறும் தந்தி கொரகொரக்கும். காடி தந்தியைப் பிடித்துக்கொண்டால் வளைத்து விட்டதும் சுருதி திரும்பி வராது. பெரும்பாலும் பழி டியூனர் மேல் விழும், புது டியூனர் வாங்கி மாட்டியும் சரியாகாமல் பட்டறைக்கு வருகிறவர்கள் நிறைய.

கடைசியாகச் செட்டப். நெக்கின் நடுவில் 0.2 மி.மீ. அளவுக்கு லேசான குழிவு விடுவோம், அதிர்கிற தந்திக்கு இடம் வேண்டும் அல்லவா. 12ஆவது ஃப்ரெட்டில் தந்தி உயரம் 1.5 முதல் 2 மி.மீ.க்குள். தந்தியை அழுத்தும்போது அது கொஞ்சம் நீண்டு சுருதி ஏறும், அதை ஈடுகட்ட பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சின்னத் துண்டான சேடிலைப் பின்னால் தள்ளுகிறோம், தடித்த தந்திக்கு அதிகம். 12ஆவதில் தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஹார்மானிக்கும் அழுத்திய ஸ்வரமும் ஒன்றாக வரும்வரை.

கைவேலை என்று விலை ஏற்றுவது பற்றி: பெரிய தொழிற்சாலைகளில் பாடியையும் நெக்கையும் கணினி இயக்கும் சி.என்.சி. மெஷின் வெட்டுகிறது, சின்னப் பட்டறைகளிலும் அது வந்துவிட்டது, எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. குழி வெட்டுவதில் மெஷின் என் கையைவிட ஒழுங்கு. ஃப்ரெட் உயரத்தை அளந்து சீவுகிற ப்ளெக் என்ற ஜெர்மன் மெஷினும் நன்றாகவே செய்கிறது. ஆகவே காசு கொடுக்கும்போது கையா மெஷினா என்று கேட்பதைவிட, ஃப்ரெட் லெவல் செய்து முனை உருட்டியிருக்கிறதா, நட் உங்கள் தந்திக்காக அராவியதா, செட்டப் யார் செய்தது என்று கேளுங்கள். அபூர்வ மரம், அலையலையாக நார்க்கோலம் ஓடும் மேப்பிள் இதற்கெல்லாம் தருகிற காசு அழகுக்கு, அதில் தப்பில்லை, தெரிந்து கொடுத்தால் சரி.

நீங்களே ஒன்று செய்து பார்க்க நினைத்தால் முதல் தடவை நெக்கைத் தயாராக வாங்கிக்கொண்டு பாடியை மட்டும் செய்யுங்கள். நெக் கைக்கு வரும்வரை பாக்கெட்டை வெட்டவே வேண்டாம், ஒரே மாடல் என்று விற்கிற நெக்குகளே ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டர் மாறுகின்றன. வந்ததும் அதன் இரண்டு பக்கமும் நேரான பட்டி வைத்து, அதையே டெம்ப்ளேட்டாகக் கொண்டு, முதலில் ஒரு வீண் பலகையில் வெட்டிப் பாருங்கள். திருகாணி இல்லாமல் நெக்கைச் செருகிப் பலகையைத் தூக்கினால் கழன்று விழாமல் கூடவே வரவேண்டும், வந்தால் அதே பட்டிகளைப் பாடிக்கு மாற்றிவிடலாம்.